இடக்கர் அடக்காதவன்

இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் தகுதி வழக்கு நடத்திவருகிறேன். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்று. பையன்கள் மற்ற இரண்டையும் பரீட்சை முடிந்த அன்றே மறந்துவிடுவார்கள். முதலாவதை மட்டும் பேரன் எடுத்த பிறகும் மறக்கமாட்டார்கள். சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல், எடுத்துக்காட்டு ‘கால் கழுவி வந்தான்’ என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சு குலுங்க ஆரம்பித்திருக்கும். நன்னூலாரின் மாணவர்களும் சிரித்துத்தான் இருப்பார்கள். அந்த ஒரு காரியத்துக்குத் தமிழில் எத்தனை திரை! வெளிக்குப் போவது, கொல்லைக்குப் போவது, ஒன்றுக்கு, இரண்டுக்கு. பாவம், எண்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்தத் திரை ஒன்றையும் மதிக்காத ஒருவன் போன இடவப்பாதி மழையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வயது எட்டு வாரம். ரப்பர் பால்வெட்டுகிறவர் ஒருவர் வீட்டில் பிறந்த ஆறில் ஒன்று. தாய் நாட்டுநாய், தகப்பன் யார் என்பதில் ஊரில் மூன்று அபிப்பிராயம்.

வீடு இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் பின்னால் வரும் சண்டைகள் புரியும். களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை போகிற வழியில், தமிழ்நாட்டுக்கு நடந்தே போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம் என்கிற தூரத்தில், கேரளத்துக்குள் இருக்கிறோம். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. இணைப்புக்குப் போராடிய நேசமணியும் மற்றவர்களும் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, கிடைக்கவில்லை. அந்தக் கிடைக்காத தாலுகாவில்தான் எனக்குப் பெண் கிடைத்தது. நான் விளவங்கோட்டுக்காரன். நான் தமிழில் கேட்பேன், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள், மகள் இரண்டையும் கலந்து எங்கள் இருவரையும் ஏமாற்றுவாள். மாமியார் என் மகளுக்கு அம்மச்சி. அதனால் எங்கள் எல்லோருக்குமே அம்மச்சி. அவர் பேசுவது தென்திருவிதாங்கூர் மலையாளம். அதில் பாதி தமிழ்தான் என்று நான் சொன்னால் அன்று எனக்கு மீன் துண்டு சின்னதாக விழும்.

பெயர் வைப்பதிலேயே எல்லைத் தகராறு வந்துவிட்டது. மகளுக்கு புரூனோ என்று வைக்க ஆசை. அது எங்கள் தாலுகாவிலேயே, அடிமலத்துறைக் கடற்கரையில் 2021 ஜூன் மாதம் அடித்துக் கொல்லப்பட்ட லாப்ரடாரின் பெயர். கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்குக்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது; வளர்ப்புப் பிராணிகளுக்கு உள்ளாட்சி அமைப்பில் உரிமம் எடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்ததும் அந்த வழக்கில்தான். அப்படிப்பட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ‘சனியனே, இங்கேயா போவாய்’ என்று திட்ட வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் தமிழ்நாட்டு மரபுப்படி மணி என்றேன். இரண்டு நாள் மணியாக இருந்தது. மூன்றாம் நாள் அதிகாலை முற்றத்தில் நின்று, “மணி, சீக்கிரம் ஒண்ணுக்குப் போ! போயிட்டு வந்தாத்தான் பால்!” என்று நான் உரக்கச் சொல்ல, மதிலுக்கு அப்பால் பல் தேய்த்துக்கொண்டிருந்த சேட்டன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பெயரும் அதுதான். தமிழ் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலமே மணி, கைசர் ஆகிவிட்டது. ஜெர்மன் சக்கரவர்த்தியின் பட்டம் கேரளத்தில் இன்னமும் உயிரோடு இருப்பது நாய்களின் தயவில்.

முதல் வாரம் ஒரு காலை, “ஓடி வாங்க, சிட்டவுட்டுல வெள்ளம்!” என்று மனைவி கத்தினாள். இந்த வெள்ளத்தை வைத்து எல்லைப்புறத்தில் சொல்லாத ஜோக் இல்லை, எல்லாமே புளித்துப்போனவை. ஆனால் அன்று அவள் சொன்னது மலையாளத்திலும் தப்பு, தமிழிலும் தப்பு. டைல்ஸ் தரையில் உள்ளங்கையளவு மஞ்சள் குளம். குளக்கரையில் கைசர், வாலாட்டிக்கொண்டு. “மூத்ரம் ஒழிச்சு” என்று அம்மச்சி தீர்ப்புச் சொன்னார். ஒழிந்தால் நல்லதுதானே என்று துணியை எடுத்தேன். துடைத்து முடிப்பதற்குள் அலமாரிக்கு அடியில் அடுத்தது. மகள் காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினாள்: அன்று இருட்டுவதற்குள் பதினேழு. பேச்சிப்பாறையில்கூட மதகைத் திறப்பதற்கு முன்னால் அறிவிப்புக் கொடுப்பார்கள்.

பத்திரிகையைத் தரையில் விரித்து அதில் போகப் பழக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். அது இவ்வளவு பெரிய மொழிப் பிரச்சினை ஆகும் என்று தெரியாது. எங்கள் வீட்டுக்கு இரண்டு பத்திரிகை வருகிறது, எனக்குத் தமிழ், அவர்களுக்கு மலையாளம். எதை விரிப்பது? “தமிழ்ப் பேப்பரை எடு, படிச்சு முடிச்சாச்சுல்ல” என்றாள் மனைவி. முடித்தது அவளல்லவே. நான் மலையாளத்தை எடுத்தேன். அதில் ஒரு தலைவரின் படம். அம்மச்சி அந்தக் கட்சி. வேறு பக்கத்தைப் புரட்டினால் இரங்கல் விளம்பரங்கள், சிரித்த முகத்தோடு வரிசையாக இறந்தவர்கள். அதன்மேல் விடலாமா? கடைசியில் தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி, இரண்டிலும் மணமகள் தேவைப் பக்கம் என்று உடன்பாடு ஆயிற்று. கைசர் மோந்து பார்த்து, சுற்றி வந்து, இரண்டு தாளுக்கும் நடுவே தெரிந்த ஒரு விரல் இடைவெளியில் காரியத்தை முடித்தது.

பத்து நாளில் தாள்மேல் போகக் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் பெருமைப்பட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. விடிகாலை பேப்பர்காரப் பையன் மதிலுக்கு மேலாக வீசிய அன்றைய பத்திரிகை சிட்டவுட்டில் விழுந்து விரிந்தது. கைசர் தூக்கத்தில் இருந்து எழுந்தது, கடமை தவறாமல் அதை நோக்கி நடந்தது. அது கற்ற பாடத்தில் ஒரு பிழையும் இல்லை. குட்டிநாய் எட்டு ஒன்பது வார வயதில் எதன்மேல் போய்ப் பழகுகிறதோ அதையே காலுக்கடியில் தேடும். மண் என்றால் மண், புல் என்றால் புல். எங்களுடையது அச்சிட்ட தாளைத் தேடியது. நான் தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறவன். ஒன்பதாம் வகுப்பு ‘இ’ பிரிவில் ஒரு பையனுக்கு அந்த முறை கட்டுரைப் பகுதிக்கு முழு மதிப்பெண் போட்டேன். எழுதியிருந்தது தெரிந்தால்தானே குறைக்க.

இரண்டாம் கட்டமாக, அதட்டல். சுருட்டிய பத்திரிகையால் தரையைத் தட்டினேன், விரலை நீட்டினேன், மூக்கைப் பிடித்துக் குளத்தருகே கொண்டுபோய்க் காட்டினேன். ஊரில் எல்லோரும் சொல்லிக்கொடுத்த வைத்தியம் இது. பலன் உடனே தெரிந்தது: வீட்டில் எங்கும் ஈரம் இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் நாற்றம் வந்தது. பத்தாயத்துக்குப் பின்னால், தையல் மெஷினுக்கு அடியில், விருந்தினருக்கென்று வைத்திருக்கும் அறையின் கட்டிலுக்குக் கீழே. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் அம்மச்சிப்பிலாவு என்று ஒரு பலாமரம் உண்டு. எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. ஒளிய இடம் கண்டுபிடிக்கும் வித்தை இந்த மண்ணில் ஊறியது, நாய்க்கு மட்டும் இல்லாமல் போகுமா?

இதற்கிடையில் ஒரு மத்தியானம் மகள் முகம் வெளுத்து ஓடி வந்தாள். “அப்பா, கைசர் இருக்கான்ல… அவன் ரெண்டுக்குப் போய்ட்டு, அதையே…” அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. இருபத்தெட்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அந்தச் செயலுக்கு இடக்கரடக்கல் கிடையாது.

மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் இளம்பெண், என் மாணவி வயது. பூச்சிமருந்துக் கணக்கையும், மூன்று மாதத்தில் பேய்நாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும் என்பதையும் சீட்டில் எழுதிவிட்டு, என் வழக்கை முழுக்கக் கேட்டார். பிறகு குற்றவாளியை மேஜைமேல் விட்டுவிட்டு என்னை விசாரித்தார். எத்தனை மணிக்கு ஒருமுறை வெளியே விடுகிறீர்கள்? காலையிலும் மாலையிலும் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது.

குட்டி பிறந்த புதிதில் தாய் நக்கிவிட்டால்தான் அதற்குச் சிறுநீரே பிரியும். மூன்று வாரம் ஆனதும் அது தானாகவே படுக்கையை விட்டுத் தள்ளிப்போய்ப் போகப் பார்க்கும். படுக்கிற இடத்தை நாறடிக்கக்கூடாது என்பது அதற்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். ஆனால் அடக்கத் தெரியாது. எத்தனை மாத வயதோ அத்தனையோடு ஒன்றைக் கூட்டுங்கள், அதிகபட்சம் அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி, அதுவும் தூங்கினால். தூங்கி எழுந்ததும் போகும், விளையாடினால் போகும், தின்ற கால் மணி அரை மணிக்குள் கட்டாயம் போகும், ஏனென்றால் வயிறு நிறையும்போது குடல் தானாக அசையும். அந்த நேரங்களில் அதை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது நீங்கள். போன மறுநிமிடம் பாராட்டுங்கள், தின்ன ஏதாவது கொடுங்கள். அரை மணி கழித்துத் திட்டினால் எதற்கென்று அதற்குத் தெரியாது. உங்கள் முன்னால் போவது ஆபத்து என்று மட்டும் புரிந்துகொள்ளும். அந்த இன்னொரு பழக்கம் குட்டிகளுக்கு உள்ளதுதான், வளர வளரப் போய்விடும், விழுந்ததும் எடுத்துவிடுங்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, “நல்ல புத்தியுள்ள பட்டி” என்று கைசரின் தலையைத் தடவினார். என் தலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பினாயில் ஊற்றிக் கழுவினாலும் மனித மூக்குக்குத்தான் வாசனை போகும், நாய் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும் என்றும், அமோனியா கலந்த எதையும் தொடவே வேண்டாம், அது மூத்திர வாசனையேதான் என்றும் சொல்லியிருந்தார். வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைக்கச் சொன்னார். மனைவிக்கு அது வினாகிரி. நெல்லிக்காய் ஊறுகாய்க்கென்று வாங்கி வைத்த இரண்டு பாட்டிலும் தரைக்குப் போனது. வீடு மொத்தமும் ஊறுகாய்ப் பரணிக்குள் இருப்பதுபோல் மணத்தது. வருகிறவர்கள் வாசலில் நின்றே எச்சில் விழுங்கினார்கள்.

இரவு டியூட்டி எனக்கு. பதினொன்றுக்கு, இரண்டுக்கு, ஐந்துக்கு. இந்த ‘இரண்டுக்கு’ மணிக்கணக்கு என்று வாசகர்கள் கொள்க, சில நாள் மற்றதும் சேர்ந்தது. இடவப்பாதி மழை என்றால் மேலேயிருந்து விழுகிற மழை என்று நினைக்கக்கூடாது. அது பக்கத்திலிருந்தும் வரும். கைலியை மடித்துக் கட்டி, கக்கத்தில் டார்ச், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஈரத்தைக் கண்டால் நான்கு காலையும் சுருட்டிக்கொள்ளும் சக்கரவர்த்தி. முற்றத்தில் இறக்கிவிட்டு, குடையை எனக்குப் பிடிக்காமல் அதற்குப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இருபது நிமிடம் அண்ணாந்து என் முகத்தையே பார்க்கும். தோற்றுப்போய் உள்ளே கொண்டுவந்து விட்டால், உடம்பை ஒருமுறை சிலிர்த்துவிட்டு, நல்வரவு என்று எழுதிய மிதியடிமேல் நிதானமாக இருக்கும். ஒரு ராத்திரி தோட்டத்துப் பக்கம் டார்ச் வெளிச்சம் அலைவதைப் பார்த்துவிட்டு, மதிலுக்கு அப்பால் இருந்து, “ஆரடா அது?” என்று குரல் வந்தது. “நான்தான், நாயை ஒண்ணுக்கு விட வந்தேன்.” சற்று மௌனம். “பேரு மாத்தியதல்லே?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் சேட்டன் ஜன்னலைச் சாத்தினார்.

வெளியே போ என்று நான் சொல்ல, புறத்து போ என்று மனைவி சொல்ல, கோ என்று மகள் சொல்ல, கைசர் மூன்று மொழியிலும் உட்கார்ந்தே இருந்தது. இதையெல்லாம் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மச்சிக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

“எந்தரு மக்களே இது? பிள்ளேரெ வளர்த்தியிட்டில்லே நிங்கள்?”

‘மக்களே’ என்பது இங்கே பன்மையல்ல. ஒரே ஒரு ஆளையும் மக்களே என்றுதான் வயதானவர்கள் கூப்பிடுவார்கள். அது என்னைச் சொன்னதா நாயைச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் எழுந்து முற்றத்துக்கு வந்து, கைசர் மாமரத்தடியில் தானாகப் போகும்வரை ஒன்றும் பேசாமல் நின்றார். அது போகத் தொடங்கிய அந்த நொடியில் உதட்டைக் குவித்து மெதுவாக, “ஸ்ஸ்ஸ்ஸ்…” என்றார். முடித்ததும் ஒரு துண்டு வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு.

எனக்குச் சட்டென்று என் பாட்டி ஞாபகம் வந்தாள். விளவங்கோட்டில், ஓலைவீட்டு முற்றத்தில், இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவே என் தம்பியை இருத்திவைத்து, அவள் எழுப்பிய அதே சத்தம். ஆணையங்கள் எல்லைக்கோடு போடுவதற்கு முன்னாலிருந்தே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அந்த ஒரு சத்தத்துக்குத்தான் மூத்திரம் போயிருக்கிறார்கள். அதற்கு எழுத்து இல்லை, இலக்கணம் இல்லை. ‘ஸ்’ தமிழா வடமொழியா என்று சண்டை போட அந்த வயதில் யாருக்கும் நேரமும் இருந்ததில்லை.

ரஷ்யாவில் பாவ்லோவ் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு வாங்கினார். சோறு வரும் என்று சத்தத்தைக் கேட்டே நாய்க்கு எச்சில் ஊறுவதை உலகத்துக்கு விளக்கியவர். அம்மச்சி அவர் பெயரைக் கேட்டதில்லை. பன்னிரண்டு நாள் விடாமல், அது போகும்போதெல்லாம் ஸ்ஸ்ஸ். பதின்மூன்றாம் நாள் முதலில் ஸ்ஸ்ஸ் என்றார். கைசர் ஒரு கணம் யோசித்தது, மாமரத்தடிக்குப் போனது, கீழ்ப்படிந்தது. நாங்கள் நான்கு பேரும் கை தட்டினோம். மதிலுக்கு அப்பாலிருந்தும் ஒரு கைதட்டல் கேட்டது.

அத்தோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

மறுநாள் காலை அடுப்படியில் குக்கர் விசிலுக்குத் தயாராகி, “ஸ்ஸ்ஸ்ஸ்…” என்றது. கைசர் அதன் முன்னால் போய் நின்று கடமையை முடித்துவிட்டு, மரச்சீனிக்காக அண்ணாந்து பார்த்தது. குக்கருக்கு மரச்சீனி கொடுக்கத் தெரியாது என்பதில் அதற்கு வருத்தம் இருந்தாலும் கொள்கையை விடவில்லை. எனக்கு வடிக்கும் பொன்னி அரிசி மூன்று விசிலில் முடியும். அவர்களுடைய குத்தரிசி ஏழு விசில் கேட்கும். இத்தனை வருடமாக ருசியை வைத்து வாதாடிக்கொண்டிருந்த எனக்கு முதல்முறையாக ஓர் அசைக்கமுடியாத ஆதாரம் கிடைத்தது: பொன்னிக்கு ஒரு குளம், குத்தரிசிக்கு மூன்று. தடுப்பூசி போடப் போனபோது உதியன்குளங்கரையில் எங்கள் ஆட்டோவுக்குப் பக்கத்தில் கேரள அரசுப் பேருந்து ஏர் பிரேக் போட்டு நின்றது. என் வேட்டி நனைந்தது. இன்னொரு நாள் களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் பேருந்து நின்றது. அதற்கும் அதே மரியாதை. பாரபட்சம் பார்க்கும் நாய் இல்லை அது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது, சோடா பாட்டில் திறப்பது, டைட்டான சட்டையைக் கழற்றிவிட்டு ‘உஸ்ஸ்’ என்று மின்விசிறிக்கு அடியில் உட்காருவது எல்லாம் எங்கள் வீட்டில் நின்றுபோயின. பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பார்களாம், அவர்களுக்குள் மட்டும் விளங்கும் குழூஉக்குறி. எங்களுக்கும் ஒன்று ஆயிற்று. வித்தியாசம் என்னவென்றால், இது ஊரிலுள்ள எல்லா இயந்திரத்துக்கும் தெரிந்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை விளவங்கோட்டிலிருந்து என் அண்ணன் சாப்பிட வந்திருந்தார். விவசாயி. எங்கள் வீட்டில் கை நனைக்கும்போதெல்லாம், கேரளம் தண்ணீரை நிறுத்திய நெய்யாறு இடதுகரைக் கால்வாயைப் பற்றிப் பேசாமல் எழுந்தது கிடையாது. “ரெண்டாயிரத்து நாலுல நிறுத்துனவனுவ. இத்தன வருசத்துல எங்க பக்கம் ஒரு சொட்டு தண்ணி விட்டானுவளாலே தம்பி?” என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார், அணையின் சாவி அவள் இடுப்பில் இருப்பதுபோல. அவள் பதில் சொல்லாமல் மீன்கறியை இன்னொரு கரண்டி ஊற்றினாள். நல்ல சிவப்பு, குடம்புளி போட்டது. அண்ணன் ஒரு பெரிய உருண்டையாக உருட்டி வாயில் வைத்தார். கண் கலங்கியது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, பல்லிடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சி, நீளமாக, “ஸ்ஸ்ஸ்ஸ்…”

மேஜைக்கு அடியில் கைசர் இருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் குனிந்து தன் வலதுகாலைப் பார்த்தார். “தண்ணி வந்துட்டுலேய்” என்றார்.

எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காரம் கூடுதலாக இருந்தால் எந்த மொழியிலாவது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.